ஷெட்டைக் குளிர வைக்க நாலே முக்கால் லட்சம்: எது உருப்படி, எது தண்டம்

போன வருஷம் மே மாதம், மத்தியானம் இரண்டரை மணி. ரேஸ் காரின் மூக்குப் பகுதிக்கான நோஸ் கோன் மோல்டில் கார்பன் துணியை விரித்துவிட்டு, எபாக்ஸி ரெசினில் அதை இறுக வைக்கிற ஹார்டனரைக் கலக்கி வைத்தேன். அதற்குள் பாடி சப்ளை பண்ணுகிற ஆள் போன் பண்ணினார். பேசி முடித்துத் திரும்பினால் மக்கிலிருந்து புகை. பிளாஸ்டிக் மக் அடியில் இளகி மேஜையோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டது. உள்ளே இருந்த ரெசின் தேன் கலரில் கல்லாகி, நடுவில் விரிசலும் விட்டிருந்தது.

டப்பாவில் அரை மணி நேரம் வேலை செய்யலாம் என்றுதான் போட்டிருந்தது. அது 25 டிகிரிக்குப் போட்ட கணக்கு. சூடு 10 டிகிரி கூடினால் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். அன்றைக்கு என் ஷெட்டுக்குள் மேஜை உயரத்தில் 41 டிகிரி. அரை மணி என்பது பத்து நிமிஷமாகச் சுருங்கிவிட்டது. மக்கில் குவியலாகக் கிடந்ததால் தன் சூட்டிலேயே தான் வெந்து, அந்தப் பத்து நிமிஷமும் கிடைக்கவில்லை. இரண்டாயிரம் ரூபாய் ரெசினும் ஒரு மத்தியானமும் போச்சு.

அன்றைக்குச் சாயந்திரமே ஷெட்டைக் குளிர வைப்பது என்று கிளம்பினேன். ஒன்றரை வருஷத்தில் நாலே முக்கால் லட்சம் செலவாகியிருக்கிறது. அதில் எந்தக் காசு வேலை செய்தது, எது வீண் என்று எழுதி வைக்கிறேன். சின்ன ஃபேப்ரிகேஷன் ஷெட் வைத்திருக்கிறவர்களுக்கு உதவும். கம்பெனி, காண்ட்ராக்டர் பெயர் எதுவும் போடப்போவதில்லை. சிலரோடு இன்னும் பில் பாக்கி இருக்கிறது, சிலரோடு பேச்சே இல்லை.

ஷெட்டைப் பற்றி முதலில். கோயமுத்தூர் செட்டிபாளையம் பக்கம். 60 அடிக்கு 40 அடி, நடு உயரம் 20, ஓரம் 15. எட்டடி வரை ஹாலோ பிளாக் சுவர், அதற்கு மேலே எல்லாம் அரை மில்லி கலர் ஷீட். கூரையில் வெளிச்சத்துக்காக எட்டு பாலிகார்பனேட் ஷீட். முன்ஷட்டர் நேர் மேற்கே பார்த்தது. கட்டியது நான்தான், அதற்காக என் மாமனார் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார். காற்று இந்தப் பக்கம் வீசினால் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் வண்டி ஓடுகிற சத்தம் கேட்கும். ஃபார்முலா வகை சேசிஸ், ரோல் கேஜ், கொஞ்சம் ஃபைபர் வேலை, இன்ஜின் அசெம்பிளி, இதெல்லாம் செய்கிறோம். ஜனவரியில் காலேஜ் மாணவர்களுக்கான ஃபார்முலா பாரத் ரேஸ் கார் போட்டி நடக்கும்போது பசங்க ராத்திரி பத்து மணிக்கு, சக்கரத்தை சேசிஸோடு பிடிக்கிற விஷ்போனை உடைந்த நிலையில் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

பழைய கஸ்டமர் ஒருவர், எழுபது தாண்டியவர், என் செலவுக் கணக்கைக் கேட்டுச் சிரித்தார். "கரிவரதன் காலத்துல ஏசி போட்டா தம்பி கார் கட்டினாங்க?" எஸ். கரிவரதன் எண்பதுகளின் கடைசியில் மாருதி 800 இன்ஜினைப் பின்னால் வைத்து ஃபார்முலா மாருதி கார்களை இந்த ஊரில் கட்டியவர். 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். 2003இல் திறந்த அந்தக் கரி ஸ்பீட்வே டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெரியவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. வேர்த்து ஊத்திக்கிட்டும் கார் கட்டலாம், நானே பதினாலு வருஷம் கட்டினேன். ஆனால் ரெசினுக்கு வைராக்கியம் கிடையாதே.

முதலில் வாங்கியது கூலர், அதுதான் முதல் தப்பு

அவசரத்தில் செய்தது இது. டக்ட் வைத்த பெரிய ஏர் கூலர் இரண்டு, பொருத்துகிற கூலியோடு 1,04,000 ரூபாய். வெளிச்சுவரில் ஸ்டாண்டு அடித்து, தகர டக்ட்டை உள்ளே இழுத்து, இரண்டு பக்கமும் வாய் விட்டார்கள். ஆன் பண்ணியதும் முகத்தில் ஜில்லென்று அடித்தது. எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு மணி நேரம் கழித்து எங்கள் வெல்டர் அண்ணன் தலையைத் தடவிக்கொண்டு வந்தார். "மூஞ்சி ஜில்லுங்குது, மண்டை காயுது தம்பி. என்ன மிஷினு இது?"

அவர் சொன்னதுதான் மொத்த விஷயமும். கூலர் காற்றைத்தான் குளிர வைக்கும். தலைக்கு மேலே இருந்த ஷீட்டின் அடிப்பக்கம் மூன்று மணிக்கு 61 டிகிரி. தோசைக்கல்லைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அதற்கடியில் நின்று வேலை செய்வது மாதிரி. கல்லிலிருந்து நேராக இறங்கும் அனலைக் காற்று தடுக்காது. காற்று 30 டிகிரியே இருந்தாலும் மண்டையும் தோளும் காயத்தான் செய்யும். கூரையைச் சரி பண்ணிவிட்டுக் கூலர் வாங்கியிருந்தால் ஒன்றே போதும் என்று இந்த வருஷம் தெரிந்துவிட்டது. இரண்டாவது இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடுகிறது. ஆக 52,000 ரூபாய் என் அவசரத்துக்குப் போட்ட தண்டம்.

கூலர் நம்ம ஊருக்குச் சரிப்படுமா என்று கேட்டால், கோயமுத்தூருக்குச் சரிப்படும். மண்பானையில் தண்ணி குளிர்வதும் வெட்டிவேர்த் தட்டி வழியாக வரும் காற்று குளிர்வதும் எப்படியோ அதேதான் இதுவும். தண்ணி ஆவியாகப் போகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று காய்ந்திருந்தால்தான் ஆவியாகும். ஏப்ரல் மத்தியானம் இங்கே 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் இருந்தால், தண்ணியில் நனைகிற நல்ல பேட் வைத்த கூலர் 27 டிகிரி காற்றைத் தள்ளும். சென்னையில் கடல் காற்று ஏறி 36 டிகிரி, 60 சதவீதம் என்று இருக்கும்போது அதே கூலர் 30, 31க்குக் கீழே இறக்காது. கூடவே சட்டை முதுகோடு ஒட்டும். சென்னையில் ஷெட் வைத்திருக்கிற நண்பர் ஒருவர் என் பேச்சைக் கேட்காமல் வாங்கிவிட்டு, இப்போது அதில் வெறும் ஃபேனை மட்டும் ஓட்டுகிறார்.

கடைக்காரர் சொல்வதை நம்பவேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஒரே மாதிரி இரண்டு தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஒன்றின் குமிழில் ஈரப் பருத்தித் துணியைச் சுற்றி, இரண்டையும் டேபிள் ஃபேன் முன்னால் பத்து நிமிஷம் வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலேதான் கூலரால் குறைக்க முடியும். வித்தியாசமே ஏழெட்டு டிகிரிதான் என்றால் அந்தக் காசைக் கூரையில் போடுங்கள்.

கூலர் போட்டால் எதிர்ப்பக்கம் காற்று வெளியேற வழி விடவேண்டும். ஏசி மாதிரி நினைத்து ஷட்டரை இறக்கிவிட்டால் அரை மணியில் உள்ளே இட்லி வேகும்.

ஊதுபத்தி சொன்ன உண்மை

போன வருஷம் ஜூனில் ஒரு ரோல் கேஜ். சி.டி.எஸ். என்கிற தையல் இல்லாத இரும்புக் குழாய், ஆர்கான் கேஸ் மூடிச் செய்கிற டிக் வெல்டிங். மெயின் ஹூப் ஜாயிண்ட் முடிந்து ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்த்த வெல்டர் அண்ணன் ஒன்றும் பேசாமல் டார்ச்சைக் கீழே வைத்தார். போய்ப் பார்த்தால் வெல்டு முழுக்க ஊசி ஓட்டை, ஆப்பத்தின் நடுப்பக்கம் மாதிரி. ரேஸ் கார் தலைகீழாக உருண்டால் டிரைவர் தலையைக் காப்பாற்றுகிற குழாய் அது. அதில் ஒரு ஓட்டையும் இருக்கக்கூடாது.

ஆர்கான் கலப்படமாக இருக்கும் என்று கூலர் பொருத்திய பையன் சொன்னான். சிலிண்டரை மாற்றினோம். அதே ஓட்டை. டார்ச் முனையில் இருக்கிற டங்ஸ்டன் குச்சியை மாற்றினோம், குழாயை அசிட்டோன் போட்டுத் துடைத்தோம், கேஸை நிமிஷத்துக்கு 10 லிட்டரிலிருந்து 14க்கு ஏற்றினோம். குறைந்ததே தவிர போகவில்லை. கடைசியில் அண்ணன் சாமி படத்துக்கு முன்னால் இருந்த ஊதுபத்தி ஒன்றை எடுத்துவந்து ஜாயிண்ட் பக்கத்தில் பிடித்தார். புகை நேராக எழும்பவேயில்லை. குழாயைத் தொட்டதும் அப்படியே படுத்துக்கொண்டு வடக்கே ஓடியது. டக்ட் வாய் பதினைந்து அடி தள்ளி இருந்தும் காற்று அங்கே வந்துகொண்டிருக்கிறது. எங்களுக்குத்தான் அது சுகமாக இருந்ததே ஒழிய, உருகிய இரும்பை மூடி நிற்கவேண்டிய ஆர்கானை அது அடித்துக்கொண்டு போய்விட்டது.

கேஸ் மூடி செய்கிற வெல்டிங்குக்குக் காற்று மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது அமெரிக்க வெல்டிங் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. டிக்குக்கு அதுவே அதிகம் என்பது என் அனுபவம். அன்றைக்குப் பதினோரு ஜாயிண்டை கிரைண்டரில் வழித்துவிட்டு மறுபடி அடித்தோம். கூலர் விற்றவரிடம் கேட்டேன். "வெல்டிங் ஷெட்டுன்னு நீங்க சொல்லவே இல்லீங்ளே" என்றார். ஆர்டர் பேச வந்த அன்றைக்கு வெல்டிங் மேஜைமேல்தான் கேட்டலாகை விரித்துக் காட்டினார் மனுஷன்.

இப்போது வெல்டிங் இடத்தைச் சுற்றி ஏழடி உயரத்துக்கு வெல்டிங் கர்ட்டன் தொங்குகிறது. டக்ட் வாயைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டோம். குளிர் காற்று மேலே போய் மெதுவாக இறங்குகிறது. இரண்டு டிகிரி நஷ்டம். பரவாயில்லை.

கூலரின் அடுத்த வினை துரு. எமரி போட்டுப் பளபளவென்று வைத்த குழாயை ராத்திரி அப்படியே விட்டுவிட்டுப் போனோம். வாட்ச்மேன் தனக்கு இருக்கட்டும் என்று கூலரை ஓடவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் எல்லாக் குழாயிலும் டீத்தண்ணி கலரில் ஒரு படலம். விரல் பட்ட இடத்தில் ரேகையோடு துரு. இப்போது அறுத்த குழாயை அன்றைக்கே வெல்டு பண்ணுகிறோம், முடியாவிட்டால் எண்ணெய் தடவி பாலிதீனில் சுற்றிவிடுகிறோம். சாயந்திரம் ஐந்தரைக்குக் கூலர் கட்டாயம் ஆஃப்.

பேடு உப்புப் பூப்பதும் உண்டு. எங்கள் போர் தண்ணியை, கரைந்திருக்கிற உப்பைக் காட்டுகிற டி.டி.எஸ். மீட்டரில் வைத்தால் 1,600 காட்டும். தண்ணி ஆவியாகப் போகும், உப்பு பேடிலேயே தங்கும். இரண்டு மாதத்தில் தேன்கூடு பேட் சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆகிவிட்டது. டேங்கில் ஒரு சின்ன வால்வு வைத்து, சுற்றுகிற தண்ணியில் கொஞ்சத்தை எப்போதும் வெளியே சொட்டவிடச் சொல்லி ஒரு பம்ப் மெக்கானிக்தான் சொல்லிக்கொடுத்தார். கூலர் கம்பெனிக்காரர்கள் இதைச் சொல்லவில்லை. அந்தத் தண்ணி வேலியோர முருங்கைக்குப் போகிறது. நல்ல தண்ணியையே ஊற்றலாமே என்று கேட்பீர்கள். சிறுவாணித் தண்ணியைக் கொண்டுபோய்க் கூலரில் ஊற்றினேன் என்று தெரிந்தால் எங்கம்மா விளக்குமாத்தை எடுத்துவிடுவார்.

கூரை: இதில்தான் காசு வேலை செய்தது

இந்த வருஷம் பிப்ரவரியில் கூரையைப் பிடித்தேன். மேல்பக்கம் வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட், அடிப்பக்கம் இன்சுலேஷன். பெயிண்ட் சதுர அடிக்கு 24 ரூபாய், 2,600 சதுர அடிக்கு 62,400.

முதலில் பெயிண்ட் மட்டும் அடித்துவிட்டு ஒரு மாதம் அளந்தேன். எங்கள் ஷீட் கடல் நீலம். அதன் அடியில் 61 இருந்தது 47க்கு இறங்கியது. மொத்தச் செலவில் ரூபாய்க்கு அதிக டிகிரி குறைத்தது இதுதான். ஆனால் இது வெள்ளையாக இருக்கும்வரைதான் வேலை செய்யும். பக்கத்துக் காலி நிலத்தில் டிராக்டர் ஓட்டினாலே ஒரு கலர் மாறிவிடுகிறது. ஜூனில் சாரல் கழுவிவிடும். அதற்கு முன்னால், வெயில் கொளுத்துகிற மார்ச், ஏப்ரலில், தலா ஒரு தடவை ஹோஸ் பைப் எடுத்துக்கொண்டு மேலே ஏறவேண்டியிருக்கிறது.

அடிப்பக்கத்துக்கு வந்தால், இங்கேதான் ஒரு வித்தை பார்த்தேன். ஃபாயில் ஒட்டிய பபுள் ஷீட் விற்க வந்தவர், கூரைக்கடியில் ஒரு துண்டை மாட்டிவிட்டு, டெம்பரேச்சர் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். 33 டிகிரி. "பாத்தீங்களாங்ணா, மேல 47, கீழ 33. பதினாலு டிகிரி அடிச்சுத் தூக்கிருச்சுங்." எங்கள் ஹெல்ப்பர் பையன் வாயைப் பிளந்துவிட்டான். எனக்கும் ஆசைதான். ஆனால் அலுமினியம் வெல்டு பண்ணும்போது இந்தத் துப்பாக்கியை நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். பளபளப்பான எதையும் அது சரியாகப் படிக்காது. அலுமினியம் ஃபாயில் தன் சூட்டை ரொம்பக் கொஞ்சமாகத்தான் அனலாக வெளியே விடும். துப்பாக்கிக்குத் தெரிவது பெரும்பாலும் அதில் கண்ணாடி மாதிரி பிரதிபலிக்கிற தரையின் சூடுதான்.

வயரிங்குக்கு வைத்திருந்த கருப்பு இன்சுலேஷன் டேப்பில் இரண்டு இன்ச் கிழித்து ஃபாயிலில் ஒட்டினேன். "ஒரு டீ சாப்பிட்டுட்டு வந்து சுடலாங்" என்றேன். டேப்பில் சுட்டபோது 44. பக்கத்திலேயே ஃபாயிலில் அதே 33. அவர் துப்பாக்கியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அவருக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

இதில் நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். அவர் காட்டியது முழுப் பொய் இல்லை. ஃபாயில் அனலைக் குறைவாக விடுவதால் மண்டை காய்வது உண்மையிலேயே குறையும். அதுதான் அந்தப் பொருளின் வேலையே. ஆனால் காற்றைத் தொடுகிற பரப்பு 44லேயே இருந்தால் மேலே தேங்குகிற காற்று சூடாகிக்கொண்டேதான் இருக்கும். அதற்குத் தடிமன் வேண்டும். நாலு மில்லி பபுளில் தடிமன் எங்கே இருக்கிறது?

கடைசியில் 10 மில்லி எக்ஸ்.எல்.பி.இ. ஃபோம், ஃபாயில் ஒட்டியது, ஷீட்டைத் தாங்குகிற இரும்புச் சட்டமான பர்லினுக்கு அடியில் கம்பி வலை இழுத்து மாட்டினோம். ஷீட்டுக்கும் அதற்கும் நடுவில் பர்லின் உயரத்துக்குக் காற்று இடைவெளி இருக்கிறது. பளபளப்பு கீழே பார்த்திருப்பதால் கிரைண்டிங் தூசி அதில் படிவதில்லை. மேலே பார்த்து வைத்தால் ஒரு வருஷத்தில் தூசி மூடி ஃபாயில் வெறும் காகிதமாகிவிடும். சதுர அடி 48 ரூபாய், மொத்தம் 1,24,800. அதே டேப் சோதனையில் இப்போது 39. மேஜை உயரத்தில் 37. வெளியே நிழலில் என்னவோ அதேதான் உள்ளேயும், கூலர் இல்லாமல். வெளியே நிழலில் உள்ள சூட்டுக்குக் கீழே கொண்டுபோகிறேன் என்று எந்த இன்சுலேஷன்காரராவது சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். மத்தியானத்தில் இந்த மாதிரித் தகர ஷெட்டில் அது நடக்காது.

எதிர்பார்க்காத லாபம் இரண்டு. டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை ஷீட்டின் அடியில் பனி வேர்த்து, சொட்டுச் சொட்டாக சேசிஸ் மேல் விழும். நாங்கள் தார்ப்பாய் போட்டு மூடுவோம். இந்த நவம்பரிலிருந்து ஒரு சொட்டு இல்லை. இன்னொன்று மழைச் சத்தம். முன்னெல்லாம் மழை வந்தால் போனை எடுத்துக்கொண்டு காருக்குள் போய் உட்காருவேன்.

வெல்டிங் இடத்துக்கு நேர்மேலே மட்டும் ஃபோம் போட விடவில்லை. ஃபோம் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். அங்கே 50 மில்லி ராக்வூல், ஜி.ஐ. வலையில். 12,000 ரூபாய். மாட்டும்போது உடம்பெல்லாம் அரிக்கும், அவ்வளவுதான். பாறையை உருக்கி நூலாக்கியது, எரியாது. காண்ட்ராக்டர் இதைத் தேவையில்லாத செலவு என்றார். அவர் ஷெட்டில் தீப்பொறி பறப்பதில்லை.

பாலிகார்பனேட் ஷீட் எட்டில் நாலை மூடிவிட்டோம். வெளிச்சம் போச்சு என்று கொஞ்சநாள் புலம்பினார்கள், எல்.இ.டி. போட்டதும் மறந்துவிட்டார்கள்.

கூரைமேல் காற்றில் தானே சுற்றி உள்சூட்டை வெளியே விடுகிற டர்போ வென்டிலேட்டர் ஆறு, 33,000. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பம்பரமாகச் சுற்றும். அப்போது வெயிலே குறைவு. ஏப்ரல் மத்தியானம் காற்றே இல்லாதபோது சும்மா நின்று வானத்தைப் பார்க்கும். ஆனாலும் சூடான காற்று மேலே ஏறி அதன் வழியாக வெளியே போகத்தான் செய்கிறது, வெல்டிங் புகையும் சேர்ந்து. மூன்று போதும். இரண்டில் மழைத்தண்ணி ஒழுகுகிறது. காண்ட்ராக்டர் நாலு தடவை வந்து சிலிக்கான் அடித்துவிட்டுப் போனார். ஐந்தாவது தடவை போன் எடுக்கவில்லை.

பத்துக்குப் பன்னிரண்டு அறை

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஷெட்டின் கிழக்கு மூலையில் இரண்டு தகடுக்கு நடுவில் ஃபோம் அடைத்த 50 மில்லி பஃப் பேனலில் 12 அடிக்கு 10 அடி அறை, ஒன்பதடி உயரம். பேனல் சதுர அடி 160 வீதம் 82,560, கதவு 14,000, ஒன்றரை டன் இன்வர்ட்டர் ஏசி 42,000. இன்ஜின் அசெம்பிளியும் ரெசின் கலக்குவதும் இப்போது இதற்குள்தான். ரெசின் கலக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். இரண்டு வேலையும் ஒரே நாளில் கிடையாது.

இன்ஜினுக்கு எதற்கு ஏசி என்று அந்தப் பெரியவர் கேட்டார். இரும்பு 100 மில்லிக்கு 10 டிகிரியில் 0.012 மில்லி வளரும். அலுமினியம் ஏறத்தாழ இரட்டிப்பு, 0.023. பேரிங்கில் நாம் விடுகிற கேப்பே 0.03, 0.04தான். காலை எட்டு மணிக்கு மைக்ரோமீட்டரில் பிஸ்டனை அளந்து எழுதி வைத்துவிட்டு, மூன்று மணிக்கு உள்விட்டம் அளக்கிற போர் கேஜைச் சிலிண்டரில் விட்டால், நூறில் ஒரு மில்லி பொய் சொல்லும். ரோட்டு வண்டிக்கு அது ஒன்றுமில்லை. 7,000, 8,000 ஆர்.பி.எம்.மில் அரை மணி நேரம் மிதிக்கிற இன்ஜினுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லமாட்டேன்.

அளவு பார்க்க உலகத் தரம் 20 டிகிரி. அதை இங்கே பிடிக்க ஆசைப்பட்டால் கரண்ட் பில்லில் கண் முழி பிதுங்கும். நான் 25இல் வைத்திருக்கிறேன். டிகிரியைவிட முக்கியம், பிளாக், கிராங்க், பிஸ்டன், மைக்ரோமீட்டர் எல்லாம் முந்தின ராத்திரியே உள்ளே போய் ஒரே சூட்டில் ஊறவேண்டும். இட்லிக்கு அரிசி ஊறுவது மாதிரி, அவசரப்பட்டால் ஆகாது. ராத்திரி ஏசி ஆஃப்தான். பேனலே காலைவரை தாங்கிக்கொள்கிறது. சாயந்திரம் 25இல் மூடினால் காலையில் 26, 27.

பேனல் மாட்டிய பையன்கள் நல்ல வேலைக்காரர்கள். இரண்டே நாளில் முடித்தார்கள். ஆனால் ஏசி பைப்புக்காகப் பேனலில் போட்ட ஓட்டையில் உள்ளே இருக்கிற மஞ்சள் ஃபோம் அப்படியே தெரிந்தது. மூடாமல் போய்விட்டார்கள். ஒருநாள் வெளியே கிரைண்டர் ஓடும்போது பொறி அந்தப் பக்கம் பறப்பதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. பஃப் ஃபோம் பற்றிக்கொண்டால் வரும் புகை ஆளைக் கொல்லும். அன்றைக்கே தகடு வெட்டி ரிவெட் அடித்து மூடினேன். உங்கள் ஷெட்டில் பேனல் போட்டால், வேலை முடித்து அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் டார்ச் எடுத்துக்கொண்டு சுற்றி வாருங்கள், எங்காவது மஞ்சள் தெரிகிறதா என்று.

இன்னும் தீராதது மேற்கு ஷட்டர். நாலு மணிக்குமேல் அதைத் தொட முடிவதில்லை, உள்பக்கம் 50ஐத் தாண்டுகிறது. உருளுகிற ஷட்டருக்கு இன்சுலேஷன் ஒட்ட முடியாது. வெளியே எட்டடி நீட்டி சாய்வு போட்டு, முன்னால் நிழல் வலை கட்டலாம் என்று 38,000க்கு ஒரு கொட்டேஷன் வந்திருக்கிறது. மாமனார் அந்த இடத்தில் இரண்டு புங்க மரம் வைக்கச் சொல்கிறார். வளர ஐந்து வருஷம் ஆகுமே என்றேன். "ஷெட்டு கட்டி எத்தனை வருஷம் ஆச்சுங் மாப்ள?" என்றார். பதினாலு.

கூலர் சுவிட்ச் முன்பு ஷட்டர் பக்கத்தில் இருந்தது. போன மாதம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை வெல்டிங் மேஜைக்கு இடது பக்கம், கை எட்டுகிற உயரத்தில் மாற்றச் சொன்னேன். கூலி 400 ரூபாய். வெல்டர் அண்ணன் ஹெல்மெட்டை இறக்குவதற்கு முன்னால் பார்க்காமலே அதைத் தட்டுகிறார், ஊதுபத்தியைப் பற்ற வைத்துப் புகை நேராக எழும்புகிறதா என்று பார்க்கிறார், பிறகுதான் டார்ச்சை எடுக்கிறார். சாமி படத்துக்கு இப்போது தனிப் பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறோம்.